வில்லியம் கிளைன்

வில்லியம் கிளைன் (ஏப்ரல் 19, 1926 – செப்டம்பர் 10, 2022) நியூயார்க்கில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞரும் திரைப்பட இயக்குநரும் ஆவார். வோக் இதழுக்கு எடுத்த ஃபேஷன் படங்களாலும் தெருப் படங்களாலும் அறியப்பட்டவர்.

தொடக்கக் காலம்

யூதக் குடும்பத்தில் பிறந்த கிளைன், அமெரிக்கப் படைவீரராக ஐரோப்பா சென்று, பின்னர் பாரிசிலேயே தங்கி ஓவியர் பெர்னான் லெஜேயிடம் பயின்றார். ஒளிப்படக் கலையை எவரிடமும் முறையாகக் கற்கவில்லை. அவருடைய துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

நியூயார்க் நூல்

வோக்கின் கலை இயக்குநர் அலெக்சாண்டர் லீபர்மேனின் ஆதரவில், 1954இல் நியூயார்க் திரும்பிய கிளைன் அந்நகரத் தெருக்களைப் படமெடுத்தார். அகலக் கோண வில்லையுடன் கூட்டத்துக்குள் நெருங்கிச் சென்றார். கலங்கலும் அசைவும் மிகுந்த அப்படங்கள் அன்றைய இலக்கணப்படி பிழையானவை. கேமராவை நோக்கித் துப்பாக்கி நீட்டும் சிறுவனின் படம் இவற்றுள் புகழ்பெற்றது. முறைத்துப் பார்க்கும்படி சிறுவனிடம் சொன்னவர் கிளைன்தான். அமெரிக்கப் பதிப்பகங்கள் மறுத்த அந்நூல், இயக்குநர் கிரிஸ் மார்க்கரின் முயற்சியால் 1956இல் பாரிசில் வெளியாகி, அடுத்த ஆண்டு பிரான்சின் நதார் விருதைப் பெற்றது. ரோம், மாஸ்கோ, டோக்கியோ நகரங்களைப் பற்றிய நூல்கள் பின்தொடர்ந்தன.

ஃபேஷன் படங்கள்

உடைகளில் கிளைனுக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. மாடல்களைக் கூடத்திலிருந்து தெருவுக்கு அழைத்து வந்தார். 1960இல் ரோமின் ஸ்பானியச் சதுக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகளிட்ட உடையணிந்த இரு மாடல்களைப் பாதசாரிக் கோடுகளின்மேல் எதிரெதிராக நடக்கவிட்டு, தொலைவில் நின்று தொலைநோக்கு வில்லையால் படமெடுத்தார். கேமராவைக் காணாத வழிப்போக்கர்கள் அப்பெண்களைத் தவறாக எண்ணித் தொல்லை தரவே, படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

திரைப்படங்கள்

முதல் குறும்படம் 'பிராட்வே பை லைட்' (1958) நியூயார்க்கின் விளம்பர விளக்குகளைப் பற்றியது. 'யார் நீ, பாலி மகூ?' (1966) ஃபேஷன் உலகையே எள்ளி நகையாடியது. தொடக்கக் காட்சியில் மாடல்கள் அலுமினியத் தகடுகளை உடையாக அணிந்து வருகின்றனர். ஃபேஷன் இதழாசிரியரோ அதைக் கண்டு பரவசமடைகிறார். அவரிடம் வோக்கின் ஆசிரியர் டயானா விரீலாண்டின் சாயல் தெரிந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே கிளைனின் வோக் பணியும் முடிவுக்கு வந்தது. படத்துக்கு ழான் விகோ விருது கிடைத்தது.

1964இல் குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளேயைப் படமாக்க மயாமி சென்றபோது, விமானத்தில் கிளைனுக்கு அடுத்த இருக்கையில் மால்கம் எக்ஸ் இருந்தார். அப்பதிவுகளும் 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுடன் நடந்த போட்டியின் பதிவுகளும் இணைந்தே முகமது அலி பற்றிய முழுநீள ஆவணப்படமாயின. 1967இல் வியட்நாம் போரை எதிர்த்த கூட்டுப்படத்தில் மார்க்கர், கோதார், ரெனே ஆகியோருடன் பங்காற்றினார்.

பிற்காலம்

1980களில் மீண்டும் ஒளிப்படத்துக்குத் திரும்பிய கிளைனுக்கு 1990இல் ஹாசல்பிளாட் விருது வழங்கப்பட்டது. பழைய காண்டாக்ட் தாள்களைப் பெரிதாக்கி, அவற்றின்மேல் சிவப்பு, நீலம், மஞ்சள் வண்ணங்களைப் பட்டையாகத் தீட்டும் தொடரையும் இக்காலத்தில் உருவாக்கினார். பாரிசில் 96ஆம் வயதில் காலமானார்.