சாயம் பிறகு, சேசிஸ் முதலில்

கெலாங் பாத்தாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அரங்கில் எழுந்தார். தாத்தா விட்டுச்சென்ற லோட்டஸ் எலான் கொட்டகையில் கிடக்கிறதாம். "அண்ணே, பாடி நல்லாத்தான் இருக்கு. சேர்த்த காசுல முதல்ல சாயம் அடிச்சிரலாமா?"

வேண்டாம் தம்பி. நான் அறிவிப்பாளன்தான், மெக்கானிக் அல்ல. ஆனாலும் இதைத் துணிந்து சொல்வேன். 1962-இல் இங்கிலாந்தில் அறிமுகமான எலானின் பாடி ஃபைபர் கிளாஸ். துருப்பிடிக்காது, அதனாலேயே கண்ணை ஏமாற்றும். உள்ளே முதுகெலும்பாக ஓடும் சேசிஸோ மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்தது. எஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாம் அதை நம்பித்தான். கடற்காற்றும் மழை ஈரமும் அங்கேதான் வேலையைக் காட்டும்.

(1963-இல் சிங்கப்பூர் தாம்சன் சாலைப் பந்தயத்தில் ஆல்பர்ட் பூன் வென்றதும் ஒரு லோட்டஸில்தான். தாத்தாவின் ஆசை புரிகிறது!)

ஒரு வேடிக்கை. ஆரம்பகால எலானில் முன்விளக்குகளைத் தூக்கி நிறுத்துவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். அதைச் சேமிக்கும் கலன், சேசிஸின் முன் குறுக்குச் சட்டமேதான். அதில் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால் விளக்கு மெல்லச் சாய்ந்துவிடும். அப்போது விளக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

பாடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிட்டு, சேசிஸைச் சுரண்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் அரித்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம்; ஓடும்போது முறிந்தால் உயிர் போகும். துத்தநாகம் பூசிய புதிய சேசிஸ் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. மாற்றுமுன் ஜேபிஜேயில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது பிரேக் குழாய், ரப்பர் புஷ், ஒயர்.

சாயத்துக்கு வைத்த காசு அதற்குள் கரைந்துவிடும் என்றேன். "அப்போ சாயம் தீபாவளிக்குத்தான் அண்ணே" என்று சிரித்தபடி அமர்ந்தார்.