வெள்ளியில் ஒரு சூரியன்

பங்குத் திருவிழா மேடையில் பரதம் ஆடும் நம் சிறுமியரின் தலையை உற்று நோக்குங்கள். வகிட்டின் இருபுறமும் சூரியனும் சந்திரனும். பின்னே, கொண்டையில் வட்டமான ராக்கொடி. “இவை கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தகுமா?” எனத் தயங்கும் தாய்மாரும் உளர். கதிரவனையும் நிலவையும் ஆண்டவரைப் புகழ அழைக்கும் 148ஆம் திருப்பாடலை நாம் செபிப்பதில்லையா? திண்டுக்கல் திருச்சி மறைமாவட்டத்தோடு இணைந்திருந்த காலத்தில், 1977இல், நற்செய்தியை நடனத்தால் உரைக்கவென்றே அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் திருச்சியில் கலைக் காவிரியைத் தொடங்கினார்.

இவ்வணிகளின் தாயகம் நாகர்கோவிலை அடுத்த வடசேரி. வெள்ளியில் உருவம் சமைத்து, செந்நிறக் கெம்புக் கற்கள் பதித்து, பொன்தகடு போர்த்துவது அவ்வூர்க் கைவினைஞர் வழக்கம். புவிசார் குறியீடும் பெற்ற தொழில். எனினும் கடைத்தெருவின் மலிவான முலாம் நகைகளோடு போட்டியிட்டு அக்கைகள் தளர்கின்றன. வாடகைக்கு எடுப்போரைக் குறை கூறேன். வெள்ளியின் விலை அப்படி. ஒரு ராக்கொடியேனும் வாங்க இயலும் வீட்டார் வடசேரிக்கு ஒருமுறை சென்று வரட்டும்.