புள்ளிகளில் விமானப் பயணம்: கூடுதல் கட்டணத்தைக் குறைக்கும் வழிகள்

அல்சூரிலிருந்து பிள்ளைகளைக் காணச் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சேர்த்த புள்ளிகளைக் கொண்டு பயணச்சீட்டு பெறும்போதும் ரொக்கம் செலுத்த வேண்டியிருப்பது சிலருக்கு வியப்பளிக்கிறது.

புள்ளிகள் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்கின்றன. அரசு வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் தனி. இவற்றுடன் விமான நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணம் 'ஒய்க்யூ' அல்லது 'ஒய்ஆர்' என்னும் குறியீட்டில் இடம்பெறும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் பெறும் புள்ளிச் சீட்டுகளுக்கு இதனை 2017-இல் நீக்கியது. ஆகவே ஒரே ஊருக்குச் செல்லும் பல நிறுவனங்களை ஒப்பிடுதல் நன்று.

லண்டனிலிருந்து புறப்படுவோர் பிரிட்டனின் விமானப் பயணிகள் வரியையும் செலுத்த வேண்டும். உயர் வகுப்புகளில் அது மிகுதி. திரும்பும் பயணத்தைச் சாதாரண வகுப்பில் மேற்கொண்டால் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு: ரொக்கச் சீட்டின் விலை 30,000 ரூபாய் என்க. அதற்கு 25,000 புள்ளிகளுடன் 12,000 ரூபாயும் கேட்கப்பட்டால், மிச்சமாவது 18,000 ரூபாய். ஒரு புள்ளியின் மதிப்பு 72 பைசா. ரொக்கப் பகுதி 3,000 ரூபாயாக இருப்பின், அம்மதிப்பு 1.08 ரூபாயாக உயரும்.

அட்டைப் புள்ளிகளை விமான நிறுவனத்துக்கு மாற்றியபின் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது. எனவே இருக்கை உள்ளதா, செலுத்த வேண்டிய மொத்த ரொக்கம் எவ்வளவு என்பவற்றை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பின்னரே புள்ளிகளை மாற்றுவீர்களாக.