ஐந்து தட்டும் பத்து விரலும்



கோலாகுபு பாருவுக்கு வடக்கே, கலும்பாங்குக்குப் போகும் வழியில் இருக்கிறது கெர்லிங். அங்கே தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணி செய்கிறோம். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் 300 வெள்ளி கொடுத்துப் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தோம். ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் கறுப்பும் வெள்ளையுமாக 61 கட்டைகள். “பிள்ளைக்கா சார்?” என்று கேட்டார் கடைக்காரர். நமக்குத்தான் என்றோம். நாற்பதைத் தாண்டிய பிறகு எந்தப் பரீட்சைக்கு என்று அவர் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது.

எந்தப் பரீட்சைக்கும் இல்லை. ஒரே ஒரு பாட்டை வாசிக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், இசை விரிவுரையாளர் ஒருவர் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். ‘டேக் ஃபைவ்’ என்பது அதன் பெயர். ஐந்து நிமிடம் ஓய்வெடு என்று அமெரிக்கப் பேச்சில் பொருள். பாட்டின் தாளமும் ஐந்து.

இது ஜாஸ் என்னும் இசையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் சந்ததியார், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த இசை. நமக்கு அந்நியம் என்று எண்ணிவிடாதீர்கள். 1964இல் வந்த ‘புதிய பறவை’ படத்தில், சிங்கப்பூர் இரவு விடுதிக் காட்சியில் பி. சுசீலா பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் அங்கே வீசுவது ஜாஸ் வாடைதான்.

‘டேக் ஃபைவ்’ இசைத்தட்டு 1959இல் வெளிவந்தது. பாட்டை அமைத்தவர் சாக்சபோன் வாசிக்கும் பால் டெஸ்மண்ட். குழுவின் தலைவரும் பியானோக் கலைஞருமான டேவ் புரூபெக்கின் கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவர் தந்தை கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணை நடத்தியவர். குதிரை மீது போகும்போது குளம்பொலியையும், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் சத்தத்தையும் கேட்டு, அவற்றின் மேல் வேறு வேறு தாளங்களை மனத்துக்குள் போட்டுப் பார்த்தாராம் அந்தப் பையன். நம் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டிய இயந்திரமும் நாள் முழுதும் தாளம் போட்டது. நாம்தான் அதைச் சத்தம் என்று விட்டுவிட்டோம்.

கல்லூரியில் இசை படிக்கப் போன புரூபெக்குக்கு இசைக் குறியீட்டை வாசிக்கவே தெரியாது! யாருக்கும் பியானோ சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் 1942இல் பட்டம் கொடுத்தார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளை மதிப்பெண்ணால் மட்டும் அளக்கும் பெற்றோர் இதை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

1958இல் அவர் குழு போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றுப்பயணம் வந்தது. சென்னைக்கும் வந்தது. அங்கே மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன், குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மோரெல்லோ சேர்ந்து வாசித்தார். அடுத்த ஆண்டு, ஐந்து தட்டில் ஒரு பாட்டு வேண்டுமென்று விரும்பியவரும் இதே மோரெல்லோதான். மிருதங்கத்தைக் கேட்டதால்தான் அந்த விருப்பம் பிறந்தது என்று சொல்ல நாம் துணியமாட்டோம். ஆனால் ஐந்து நமக்குப் புதிதல்ல. திருப்புகழில் பல பாட்டுகள் கண்ட சாபு தாளத்தில்தான் பாடப்படுகின்றன: தக தகிட, தக தகிட.

இந்தப் பழக்கம் நமக்குக் கைகொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்தோம். அதுவே காலை வாரிவிட்டது. நம் சாபு இரண்டில் தொடங்கி மூன்றில் முடியும். இந்தப் பாட்டோ மூன்றில் தொடங்கி இரண்டில் முடிகிறது: தகிட தக. ஒரு வாரம் வரை, நான்காவது சுற்றில் கை தானாக நம் வழிக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது.

பியானோப் பிரதியில் இடக்கைக்கு ஒரே வேலை. முதல் மூன்று தட்டுக்கு ஒரு சுரக்கூட்டம், அடுத்த இரண்டுக்கு இன்னொன்று. நடுப்பகுதி தவிர, இதுவே திரும்பத் திரும்ப வரும். முதல் கூட்டத்தின் மூன்று சுரங்களும் கறுப்புக் கட்டைகளே. இரண்டாவதில் மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இதன் மேல், சாக்சபோனுக்கு உரிய மெட்டை வலக்கை நெளிவு சுளிவோடு வாசிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு தட்டின் இரு பாதிகளும் சமமல்ல. முதல் பாதி நீளம், மறுபாதி குறுகல். தோளில் கம்பு வைத்து இரண்டு பால் வாளி தூக்கி வருபவரின் நடையைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஆட்டம்தான்.

நாம் செய்தது இதுதான். கீபோர்டை மூடிவிட்டு, மேசையில் இடக்கையால் மட்டும் தட்டினோம். வாய் தகிட தக சொல்லியது. அது தூக்கத்திலும் வரும் என்ற நிலைக்கு வந்த பிறகே கட்டையைத் தொட்டோம். இசைத்தட்டில் வேகம் நிமிடத்திற்கு 170 தட்டுக்கு மேல். நமக்குச் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் போதும் என்று 60இல் தொடங்கினோம். வலக்கைக்கு நாளொன்றுக்கு இரண்டே சுற்று, அதற்கு மேல் இல்லை. இரு கைகளையும் சேர்த்தபோது எல்லாம் குலைந்தது. மறுபடியும் மேசைக்குப் போனோம். எட்டு மாதமாகிறது, இன்று 110க்கு வந்திருக்கிறோம். பாட்டின் நடுப்பகுதி இன்னும் வசப்படவில்லை. ஆனாலும் இரவு உணவுக்குப் பிறகு அந்த அரைமணி நேரத்தை எவர் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

நம் தாயார் சிறுமியாக இருந்தபோது, பாட்டிக்குத் துரை பங்களாவில் வேலை. அங்கே ஒரு பியானோ இருந்தது. துடைக்கும்போது சத்தம் வந்தால் ஏச்சு விழும். அதனால் ஒரு கட்டைகூட அமுங்காமல் துடைக்கப் பாட்டி பழகிக்கொண்டாராம். துணியை எப்படிப் பிடித்தார் என்று அம்மா நமக்குச் செய்தே காட்டினார்.

போன மாதம் ஒருநாள், நாம் தாளம் தவறி நின்றபோது, அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “தகிட தக, தம்பி. நீ திருப்புகழுக்குப் போயிட்டே.” இத்தனை மாதமாகக் கேட்டுக்கேட்டே பிடித்துவிட்டார். “நீங்க வந்து வாசிங்கம்மா” என்றோம். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று கறுப்புக் கட்டைகளைக் காட்டினோம். முதலில் விரல்கள் மேலே வருடிக்கொண்டு போயின, சத்தம் வரவில்லை. “அழுத்துங்கம்மா” என்றோம்.

மூன்றையும் ஒருசேர அழுத்தினார். ஒலி முழுதும் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.