கிருமியின் சுவடியும் தேசங்களின் நாணயமும்

ஏட்டைப் பார்த்துப் பிரதி எழுதுகிறவர் எவ்வளவு கவனமுடையவராயினும் எங்கேனும் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதிவிடுவதும், அப்பிழை அதன் வழிவந்த பிரதிகளிலெல்லாம் தொடர்வதும், அவற்றை ஒப்பிட்டே எந்தப் பிரதி எதிலிருந்து பிறந்தது என்று பதிப்பாசிரியர்கள் நிர்ணயிப்பதும் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய விஷயங்களே. நோய்க்கிருமிகளின் மரபணுத் தொகுதியை ஆராயும் விஞ்ஞானமும் ஒருவகைப் பாடபேத ஆராய்ச்சிதான். கொரோனா வைரஸின் மரபுச் சுவடி நான்கே எழுத்துக்களைக் கொண்டு சுமார் 30,000 எழுத்து நீளத்தில் அமைந்தது; அக்கிருமி மனித சரீரத்தில் பெருகும்போது நேரும் பிழைகளை ஒப்பிட்டு நோக்கினால், தொற்று எவ்வழியாகப் பரவியது என்பதையும், எந்தப் புதுப் பாடம் மற்றவற்றை மிஞ்சி வளர்கிறது என்பதையும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஆனால் ஒற்றைப் பிரதியை வைத்துக்கொண்டு பாடபேதம் காண்பது எவ்வாறு? பல தேசத்துச் சுவடிகளும் ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும்.

அவ்வாறு சேர்வதன் பயனை 2020ஆம் ஆண்டு உலகம் கண்கூடாகக் கண்டது. சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழுவினர் வாசித்தறிந்த புதுக் கிருமியின் சுவடியை, சிட்னி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஹோம்ஸ் ஜனவரி 11ஆம் தேதி இணையத்தில் யாவரும் காண வெளியிட்டார். கிருமியைக் கையில் தொடாமலே, அந்த எழுத்துக்களை மட்டும் துணையாகக் கொண்டு விஞ்ஞானிகள் வகுத்த தடுப்பூசியொன்று மார்ச் 16ஆம் தேதியே அமெரிக்காவில் மனிதருக்குப் போட்டுப் பரிசோதிக்கப்பட்டது.

எனினும், கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி பழமையானது. தான் இலவசமாக அனுப்பிய பறவைக் காய்ச்சல் கிருமிகளைக் கொண்டு அந்நியக் கம்பெனிகள் செய்யும் தடுப்பூசி தன் ஜனங்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படும் என்று மனம் வெதும்பிய இந்தோனேசியா, 2007இல் கிருமி மாதிரிகளை அனுப்புவதை நிறுத்திவைத்தது. 2008இல் தோன்றிய ஜிசெய்ட் என்னும் தரவுக் களஞ்சியம், அதில் உள்ளதை எடுத்தாள்வோர் அளித்தவரின் பெயரைக் குறிப்பிட்டு அவருடன் ஒத்துழைக்க வேண்டும் என்று விதித்தது; இன்ஃப்ளூயன்சாவுக்கென ஏற்பட்ட அக்களஞ்சியத்தில் பின்னர் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கொரோனாச் சுவடிகள் சேர்ந்தன. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் உறுப்பு நாடுகள், கொள்ளைநோயாக மாறக்கூடிய இன்ஃப்ளூயன்சாக் கிருமிகளால் பயனடையும் உற்பத்தியாளர்கள் அப்பயனில் ஒரு பங்கைப் பிறருக்கும் அளிக்கும் ஏற்பாட்டை ஏற்றன.

ஆயினும் 2021 நவம்பரில் போட்ஸ்வானாவின் விஞ்ஞானிகளும் தென்னாப்பிரிக்காவின் விஞ்ஞானிகளும் ஒமைக்ரான் என்னும் புதிய கொரோனாத் திரிபைக் கண்டறிந்து, ஒளிக்காமல் உலகுக்கு அறிவித்தபோது, பல தேசங்கள் ஓரிரு நாட்களுக்குள்ளாகவே அப்பிரதேசத்து விமானங்களுக்குக் கதவடைத்தன. திருடன் வருகிறான் என்று கூவியவன் வீட்டையே ஊரார் பூட்டினால், அடுத்த இரவில் கூவுவதற்கு எவன் துணிவான்? சுவடியைக் கேட்கும் தேசங்கள், கொடுத்தவருக்கு மருந்தில் பங்கும் மரியாதையும் அளிப்பதே நியாயம். கேட்கும் தேசங்களின் சொந்த க்ஷேமமும் அதில்தான் அடங்கியிருக்கிறது.