சக்கர வீட்டுக்கு ஒரு சின்னக் கதவு

சமையலறை, கட்டில், குளியலறை எல்லாவற்றையும் ஒரே வண்டிக்குள் அடக்கிக் கொண்டு அமெரிக்கக் குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்புகின்றனவே, அந்த 'மோட்டார் ஹோம்' படத்தைப் பார்த்து நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அயோவா மாநிலத்து ஃபாரெஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில், 'வின்னபேகோ' கம்பெனி 1966-ல் இவற்றைச் செய்யத் தொடங்கியது.

சொகுசு இருக்கட்டும், குழாய் ஒழுகினால் என்ன செய்வது? அங்கேதான் அவஸ்தை! தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பம்ப், வெந்நீர் பாய்லர் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் செருகிப் பலகையால் மூடி விடுகிறார்கள். கண்ணுக்கும் தெரியாது, கையும் நுழையாது.

குளிர்காலம் வந்தால் இது விளையாட்டல்ல. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பருக்கும். குழாயில் தங்கிய நீர் பனிக்கட்டியாகி இணைப்பைப் பிளந்து விடும். வசந்தத்தில் பம்பைப் போட்டதும் கசிவு ஆரம்பம். வெளியே தெரிவதற்குள் தரைப் பலகை ஊறி உளுத்திருக்கும்.

ஆகவே, பனிக்கு முன்பே குழாய்களைக் காலி செய்து, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே ஓட விடுகிறார்கள். அதற்கு முன் பாய்லரை வடித்து, அதற்குள் திரவம் போகாதபடி வால்வுகளைத் திருப்ப வேண்டும். மறந்தால், 6 காலன் பாய்லரில் ஏறக்குறைய 23 லிட்டர் திரவம் தண்டம்! அந்த வால்வுகளோ பெரும்பாலும் எட்டாத மூலையில்.

வழி என்ன? பலகையில் ஒரு சின்னக் கதவு. முதலில் பாட்டரி, வெளி மின்சாரம், காஸ் மூன்றையும் நிறுத்த வேண்டும். சிறு துளையிட்டு, டார்ச்சும் கண்ணாடியும் கொண்டு பின்னால் ஒயரோ காஸ் குழாயோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரம் தாங்கும் சட்டத்தைத் தொடவே கூடாது. பிறகு பலகையின் கனத்துக்கு மேல் ரம்பம் இறங்காமல் அறுக்க வேண்டும். அறுத்த துண்டை எறியாதீர்கள். அதற்கே கீலும் காந்தப் பிடிப்பும் வைத்தால் அழகான கதவு தயார்!

கதவு திறந்தாயிற்று, இனி வளையும் குழாய் போட்டு வால்வைக் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தலாம். எது எந்தக் குழாய் என்று சீட்டு ஒட்டினால், வீட்டில் யாரும் திருப்பலாம்.

அழகுக்காக எல்லாவற்றையும் மூடி மறைப்பது சுலபம். ஆனால், அவசரத்துக்கு எட்டாத வால்வு இருந்தும் இல்லாதது போலத்தான். உங்கள் குளியலறைச் சுவருக்குள்ளும் குழாய் ஒளிந்திருக்கிறதல்லவா? அதை மூடும் வால்வு எங்கே என்று இன்றே ஒரு தடவை பார்த்து வையுங்களேன்!