புகைபோக்கி சொன்ன உண்மை

சீனத்தின் தென்மேற்கில், யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்னும் மலைப்பகுதி உள்ளது. 1970களில் சீன அரசு புற்றுநோய் இறப்புகளைக் கணக்கெடுத்தபோது, இப்பகுதிப் பெண்களிடையே நுரையீரல் புற்று நாட்டிலேயே மிகுதியாக இருந்தது தெரியவந்தது. புகைபிடித்தலே இந்நோயின் முதற்காரணம் என்பது அதற்கு முன்பே நிறுவப்பட்ட செய்தி. ஆனால், சுவான்வெய்ப் பெண்களில் புகைபிடிப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

விடை அடுப்பங்கரையில் இருந்தது. வீட்டினுள் தரையில் குழி அமைத்து, புகை மிகுந்த நிலக்கரியை எரித்துச் சமைப்பதும் குளிர்காய்வதும் அங்கு வழக்கம். புகை வெளியேற வழியில்லை. பின்னர், புகைபோக்கியுடன் கூடிய அடுப்புகள் அமைக்கப்பட்டன. 21,000-க்கும் மேற்பட்ட உழவர்களின் 1976 முதல் 1992 வரையிலான உடல்நிலையை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அடுப்பை மாற்றிய வீடுகளில் நோய் வாய்ப்பு ஆண்களுக்கு 41 விழுக்காடும் பெண்களுக்கு 46 விழுக்காடும் குறைந்திருந்தது. புகை செல்லும் வழியை மாற்றியதன் பயன் இது. எனினும், அப்பயன் வெளிப்பட ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. நெடுங்காலம் சேர்ந்த கேடு ஒரே நாளில் நீங்குவதில்லை.

வீட்டுக்கு வெளியே உள்ள காற்றுக்கும் இது பொருந்தும். வண்டிகள், அனல்மின் நிலையங்கள், எரிக்கப்படும் குப்பை ஆகியவற்றிலிருந்து வரும் துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் சிறியனவுமே கொடியவை. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு எனலாம். மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் காற்று நுண்ணறைவரை இவை செல்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளிப்புறக் காற்று மாசினை, புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகையிலையும் அத்தொகுதியில்தான் உள்ளது. ஒரே தொகுதியில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு தீங்கு செய்யும் என்று கொள்ளுதல் கூடாது. தனிமனிதருக்குப் புகைபிடித்தலால் வரும் தீங்கே பன்மடங்கு பெரிது. ஆயினும், புகைபிடிப்பதை ஒருவர் விட்டுவிடலாம். மூச்சு விடுவதை நிறுத்த இயலாது.

துகள் எவ்வாறு புற்றாகிறது? துகள்கள் மரபணுவை நேரே சிதைக்கின்றன என்பதே பழைய விளக்கம். இலண்டன் அறிவியலாளர் சார்லசு சுவாண்டன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியையும் காட்டியது. புற்று இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளிலும், 18 விழுக்காட்டில், புற்றோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மாற்றம் இருந்தது. அகவை கூடக்கூட இத்தகைய மாற்றங்கள் இயல்பாகவே சேர்கின்றன. அத்தகைய அணுக்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன. நுண்துகள் நுழைந்ததும், அதனை விழுங்க வரும் காவல் அணுக்கள் அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அவ்வழற்சியே உறங்கும் அணுக்களை எழுப்பிப் பெருகச் செய்கிறது. எலிகளில் அப்புரதத்தைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம் நுண்துகள். இந்தியத் தர வரம்பு 40.